கடல் கடக்கும் முன்



நொய்யற்கரையில் இருந்துகொண்டு கடற்பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திருப்பூரிலும் அவிநாசியிலும் பல்லடத்திலும் வாழும் நமக்குக் கடல் அண்டை வீட்டுக்காரன் அன்று. நம் பிள்ளைகளிற் பலர் கடலை முதன்முதலாகக் காண்பது பள்ளிச் சுற்றுலாவின்போதுதான். ஆயினும், கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களுள் நம் ஊரும் ஒன்று. இங்கே பின்னப்படும் பனியன் துணி, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கிறது. அந்தக் கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் நம் ஊர்த் தெருக்களில் பணப் புழக்கம் குறைந்துவிடும்.

ஏற்றுமதி நிறுவனங்களில் சரக்கு அனுப்பும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஒரு பெட்டி சரக்கைக் கப்பலுக்கு அனுப்புமுன் நாம் எவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பிசிறு வெட்டி, கறை பார்த்து, மடித்து, உறையிலிட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஈரம் படாமல் காப்பிட்டு, கண்டெய்னரில் ஏற்றி, கதவைப் பூட்டி முத்திரையிட்டு, அந்த முத்திரையின் எண்ணையும் எழுதி வைக்கிறோம். இத்தனையும் பனியனுக்காக! அதே கடலின்மேல் நாமே பயணம் செய்யும்போது, இதில் பத்தில் ஒரு பங்கு கவனமாவது எடுத்துக்கொள்கிறோமா? இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்.

இக்கேள்விக்கு இன்று அவசியம் உண்டு. முன்பு நம் ஊரிலிருந்து பெரும்பாலும் சரக்கு மட்டுமே கப்பலேறியது. இன்று மேற்படிப்புக்காக அயல்நாடு செல்கிறீர்கள். அங்கே தீவுகளுக்கும் கால்வாய்களுக்கு அப்பாலுள்ள நகரங்களுக்கும் படகில் செல்லும் வாய்ப்பு நேர்கிறது. வியாபார நிறுவனங்கள் தம் முகவர்களைத் தாய்லாந்துக்கும் மாலத்தீவுக்கும் உல்லாசப் பயணமாக அழைத்துச் செல்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் போக்குவரத்து தொடங்கிற்று. ஆகவே, கடலைக் காணாது வளர்ந்த நாம் கடலின்மேல் ஏறும் காலம் வந்துவிட்டது. கடலோரத்துப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வரும் எச்சரிக்கை நமக்குப் படித்துத்தான் வரவேண்டும்.

முதலில் ஒரு சட்டத்தின் கதையைச் சொல்கிறேன். 1912 ஏப்ரல் 14 நள்ளிரவை நெருங்கும் வேளையில் டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் விடியுமுன் அது மூழ்கியது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். இருந்த மீட்புப் படகுகளோ 20. அவற்றில் அமரக்கூடியவர்கள் 1,178 பேர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். படகுகள் போதாமை ஒரு பக்கம். இருந்த படகுகளும் நிரம்பாமற் போனது மற்றொரு பக்கம். முதலில் இறக்கப்பட்ட படகில் 65 பேருக்கு இடம் இருந்தும் 28 பேரே ஏறினார்கள். ஒளி வீசும் அந்தப் பெரிய கப்பலை விட்டு, இருளில் ஆடும் சிறு படகில் ஏற மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. ஆபத்து வந்துவிட்டது என்பதை மனம் ஏற்றுக்கொள்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

அந்தத் துயரத்தின் பின், 1914-இல் இலண்டனில் 13 நாடுகள் கூடிக் கடலில் உயிர்களைக் காப்பதற்கான ஓர் உடன்படிக்கையை எழுதின. சுருக்கமாக அதை ‘சோலாஸ்’ என்பார்கள். பின்னர் பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 1974-ஆம் ஆண்டு வடிவம், மேலும் பல திருத்தங்களுடன் இன்று நடைமுறையில் இருக்கிறது. வெளிநாடு செல்லும் பயணிகள் கப்பலில், ஏறியுள்ள அத்தனை பேருக்கும் மீட்புப் படகிலோ தெப்பத்திலோ இடம் இருக்கவேண்டும். அதற்கு மேலும் நூற்றுக்கு 25 பங்கு மிகுதியான இடம் இருக்கவேண்டும் என்பது இன்றைய விதி. கப்பலைக் கைவிடும்படி கட்டளை பிறந்தால், அனைவரையும் ஏற்றிய படகுகள் 30 நிமிடத்துக்குள் நீரில் இறங்கிவிட வேண்டும் என்பதும் விதி.

இந்த உடன்படிக்கைக்கும் திருப்பூருக்கும் தொடர்பு உண்டு. 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கண்டெய்னரின் எடையையும் சரிபார்த்துச் சான்று கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். எடை மேடையில் லாரி வரிசையில் நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அதைக் கட்டாயமாக்கியதும் சோலாஸ் உடன்படிக்கைதான். 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நேப்பொலி என்னும் சரக்குக் கப்பல் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் புயலில் சிக்கி உடல் பிளந்தது. பின்பு, அதன் மேல்தளத்தில் நனையாதிருந்த பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெட்டியின் எடை, ஏட்டில் எழுதியிருந்ததற்கு 3 டன்னுக்கும் மேல் மாறுபட்டிருந்தது. கரையில் எழுதும் பொய், கடலில் உயிரோடு விளையாடுகிறது. ஏட்டில் எழுதியிருக்கும் பாரமும் உண்மையில் ஏறியிருக்கும் பாரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே அந்த விதியின் சாரம். பெட்டிக்கு உரிய இந்த நியாயம் ஆளுக்கும் பொருந்தும்.

பாரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நம் ஊர்ச் சாலையில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. சிறு மொபெட்டின் பின்னால் பனியன் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒருவர் போவார். நேர்ச் சாலையில் வண்டி ஒழுங்காகத்தான் போகும். வளைவில் திரும்பும்போதுதான் சாயும். ஒரு கோணத்துக்குமேல் சாய்ந்துவிட்டால் நிமிராது. பாரம் மேலே ஏற ஏற, ஈர்ப்பு மையமும் மேலே ஏறுகிறது. படகும் அப்படித்தான். கீழ்த்தட்டில் இடம் இருந்தாலும், காட்சி காண்பதற்காக எல்லாரும் மேல்தட்டில் ஏறி ஒரே பக்கமாக நின்றால் அந்தப் படகு மூட்டை ஏற்றிய மொபெட் ஆகிவிடும்.

2014 ஜனவரி 26 அன்று அந்தமானில், போர்ட் பிளேர் அருகே ‘அக்வா மரீன்’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து குறைந்தது 21 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் நம் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து விடுமுறைக்குச் சென்றவர்கள். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு அது. 2018 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவருகே ‘ஃபீனிக்ஸ்’ என்னும் படகு புயற்காற்றில் மூழ்கி 47 சுற்றுலாப் பயணிகள் இறந்தனர். கடல் கொந்தளிக்கும் என்ற எச்சரிக்கை முன்னரே தரப்பட்டிருந்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் இயற்கை மட்டுமா குற்றவாளி? கரையில் நின்றபோதே தவிர்த்திருக்கக்கூடிய தவறுகள் இருந்தன அல்லவா?

ஆகவே, முதற் பாதுகாப்பு கரையிலேயே தொடங்குகிறது. படகில் கால் வைக்குமுன் மூன்றைப் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா? அந்த அளவுக்குள்தான் ஆட்கள் இருக்கிறார்களா? ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, அதாவது லைஃப் ஜாக்கெட், கண்ணெதிரே இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஏறாதீர்கள், ஏறிவிட்டிருந்தால் இறங்கிவிடுங்கள்.

சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அறிவேன். சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று, நண்பர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள், “என்ன, பயமா?” என்று ஒருவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி ஏறுகிறவர்களே மிகுதி. கூச்சத்தால் வரும் துணிவு துணிவன்று. நண்பர்கள் பார்க்க, கேலியையும் பொறுத்துக்கொண்டு, பாரம் மிஞ்சிய படகிலிருந்து இறங்கி நிற்பதற்குத்தான் உண்மையான துணிவு வேண்டும். ஒருவர் இறங்கினால் இன்னும் இருவர் யோசிப்பார்கள். படகுக்காரரும் யோசிப்பார். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, முறையான வழியை விட்டுச் சிறு படகில் இரவோடு இரவாக எல்லை கடத்துகிறேன் என்று எவரேனும் அழைத்தாலும் இதே விடைதான். 2021 நவம்பர் 24 அன்று, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு அப்படிப் புறப்பட்ட காற்றடைத்த படகு ஒன்று கால்வாயில் அழிந்து குறைந்தது 27 பேர் மடிந்தனர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வானிலையைப் பற்றியும் ஒரு சொல். 1964 டிசம்பர் 22 இரவில் எழுந்த புயலைத் தமிழகம் மறக்காது. இராமேசுவரம் தீவின் தனுஷ்கோடி அதில் அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்த ரயில் வண்டியைக் கடல் விழுங்கிற்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல்களின் துறை அத்தோடு போயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடி, 1980-களில் அதுவும் நின்றுவிட்டது. பாக்குநீரிணை குறுகலானது, ஆழம் குறைந்தது என்று எண்ணி அதை எளிதாகக் கருதுவோர் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதன் முகம் வேறு. காங்கேசன்துறைக் கப்பலும் 2023-இல் தொடங்கிய சில நாட்களிலேயே பருவநிலை காரணமாக நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டு 16 அன்றுதான் மீண்டும் புறப்பட்டது. நம் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றப்படுவதைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். பயணம் ரத்து என்று அறிவித்தால் மாலுமியோடு சண்டைக்குப் போகாதீர்கள். போகமாட்டேன் என்று சொல்லும் மாலுமியே நம்பத் தகுந்தவர்.

சரி, நல்ல கப்பலில் ஏறிவிட்டோம். இனி என்ன? இங்கே நம் தமிழர் கடந்து வந்த வழியைச் சற்றே பாருங்கள். சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ என்ற கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. மலாயாவுக்குப் போன நம்மவர்களின் குடும்பக் கதைகளில் அந்தப் பெயர் இன்றும் வரும். பின்னர் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ‘சிதம்பரம்’ என்ற கப்பல் ஓடிற்று. 1984 பிப்ரவரியில், நடுக்கடலில் அதில் தீப்பற்றி ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். சுற்றிலும் எல்லையற்ற நீர், நடுவிலே தீ. கப்பலில் தீ எவ்வளவு கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பனியன் கழிவும் பஞ்சுத் தூசியும் நிறைந்த கிடங்கில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது நம் ஊராருக்குத் தெரியும். சுடர் வருமுன் புகை வந்துவிடும். சுடரைவிடப் புகையே மிகுதியான உயிர்களைக் குடிக்கும். கப்பலிலும் அப்படியே. மின்விளக்கு அணைந்து, குறுகிய நடைவழியில் புகை சூழ்ந்தால், கண்ணால் வழி காண முடியாது. ஆகவே, அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் வழியை அறிந்துகொள்ளுங்கள். அறைக் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள், எந்தப் பக்கம் திருப்பம் என்று எண்ணியபடி ஒருமுறை நடந்து போய் வாருங்கள். இரண்டாவது வழி ஒன்றையும் பார்த்து வையுங்கள். புகை வந்தால் குனிந்து, தரையை ஒட்டி, சுவரைத் தொட்டபடி செல்லுங்கள். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதற்கு அப்பால் தீ இருக்கிறது என்று பொருள். மின்தூக்கியில் ஏறாதீர்கள்.

அடுத்து, ஆபத்து வேளையில் கூடுமிடம் எது என்று அறியவேண்டும். பச்சை நிறப் பலகையில், நான்கு மூலையிலிருந்தும் அம்புகள் நடுவிலுள்ள மனித உருவங்களை நோக்கி வருவதுபோல் வெண்மையில் வரைந்திருக்கும். மொழி தெரியாதவருக்கும் விளங்கும் குறி அது. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும், அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அது கப்பல் முழுவதற்குமான அபாய அறிவிப்பு. உலகத்துக் கப்பல்கள் அனைத்துக்கும் இந்த ஒலி பொது. பள்ளி மணியின் கணக்கை அறிந்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போல இதையும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் அபாயப் பயிற்சி நடக்கும்போது அறையில் படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கான்கோர்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200-க்கும் மேற்பட்டோர் இருந்த அக்கப்பலில் 32 பேர் மாண்டனர். அன்று மாலைதான் கப்பலேறிய சில நூறு பயணிகளுக்கு அதுவரை எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. கப்பல் புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடந்தால் போதும் என்று அப்போது விதி இருந்தது. ஆபத்து அதற்குமுன் வந்துவிட்டது. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அது நடக்கவேண்டும் என விதி மாறிற்று. அந்தச் சில நிமிடப் பயிற்சி அவர்களின் துயரம் நமக்குத் தந்த கொடை. அதை அலட்சியம் செய்யலாகாது.

இப்போது, மாணவர்களாகிய உங்களிடம் சொல்வதற்கு மிகக் கடினமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவில் ‘செவோல்’ என்னும் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 476 பேரில் 304 பேர் இறந்தனர். அவர்களுள் 250 பேர் ஒரே உயர்நிலைப் பள்ளியிலிருந்து சுற்றுலா சென்ற மாணவ மாணவியர். கப்பலின் மேற்பகுதியில் கூடுதல் அறைகள் கட்டப்பட்டிருந்தன. அனுமதித்த அளவைப்போல் இரு மடங்கு சரக்கு ஏற்றப்பட்டிருந்தது. அதுவும் சரிவரக் கட்டப்படவில்லை. ஒரு திருப்பத்தில் கப்பல் சாய்ந்தது. நான் சொன்ன மொபெட்டும் மூட்டையும் இங்கே நினைவுக்கு வரும். சாய்ந்த பின்னும் நேரம் இருந்தது. ஆனால், “இருந்த இடத்திலேயே இருங்கள்” என்று ஒலிபெருக்கி மீண்டும் மீண்டும் சொல்லிற்று. பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள். தலைமை மாலுமியோ முதலில் மீட்கப்பட்டவர்களுள் ஒருவராகக் கரை சேர்ந்தார்.

ஆகவே, மாலுமிகளின் சொல்லைக் கேட்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பேர் ஆளுக்கொரு திசையில் ஓடினால் அதுவே பேராபத்து. பயிற்சி பெற்ற மாலுமியின் கட்டளைதான் கடலில் ஒழுங்கைக் காக்கிறது. ஆனால் கட்டளை கேட்பதற்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் வேற்றுமை உண்டு. கப்பல் நிமிராமல் சாய்ந்தபடியே இருக்கிறது, நீர் உள்ளே வருகிறது என்று கண்ணால் கண்டால், மிதவைச் சட்டையோடு திறந்த தளத்துக்கு, கூடுமிடத்துக்குச் செல்வதே முறை. மூடிய அறையில் நீர் ஏறும்போது அணிந்திருக்கும் மிதவைச் சட்டையே நம்மைக் கூரையோடு அழுத்தி, வெளியே வரவிடாமல் செய்துவிடக்கூடும். காற்றடைக்கும் வகைச் சட்டையானால், வெளியே வருமுன் காற்றை நிரப்பவே கூடாது. வழியை முன்பே நடந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வேளையில் தானே சிந்திக்கும் வலிமை இருக்கும். டைட்டானிக்கில் சொன்னேனே, மனம் ஆபத்தை ஏற்க மறுக்கும் அந்தச் சில நிமிடங்கள். அவற்றைச் சுருக்குவதற்கே இத்தனை முன்னேற்பாடும்.

மிதவைச் சட்டையைப் பற்றி ஆடை தைக்கும் ஊரில் சற்று விரிவாகவே பேசலாம். நம் கிராமத்துக் கிணறுகளில் பிள்ளைகள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியதைப் பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள். அதே தத்துவம்தான் இதுவும். ஆனால் சுரைக்குடுக்கை மிதக்க மட்டுமே உதவும். கப்பலில் உள்ள தரமான சட்டை, மயங்கிக் கிடப்பவரையும் 5 விநாடிக்குள் மல்லாத்தி, வாய் நீர்மட்டத்துக்கு 12 சென்டிமீட்டர் மேலே இருக்குமாறு தாங்கவேண்டும். பிறர் உதவியின்றி 1 நிமிடத்துக்குள் அணியக்கூடியதாக இருக்கவேண்டும். அதில் ஊதலும் விளக்கும் இருக்கும். 43 கிலோ எடைக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி அளவு. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வேறோர் அளவு. அளவு தவறினால் பனியன் தொளதொளக்கும். மிதவைச் சட்டை தவறினால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். தம்பி தங்கையரோடு பயணம் செய்தால் அவர்களுக்கான சட்டையைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்த சட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்காமல், ஒருமுறை அணிந்து பட்டைகளை இறுக்கிப் பாருங்கள். இருட்டில் கை தானே பட்டையைத் தேடிச் செல்லவேண்டும்.

“எனக்கு நீந்தத் தெரியும், சட்டை எதற்கு?” என்பார்கள் சிலர். கிணற்றில் நீந்தியவனுக்கு நாலு வீச்சில் படிக்கட்டு கிடைக்கும். கடலில் படிக்கட்டு இல்லை. மேலும், நீங்கள் மேற்படிப்புக்குச் செல்லும் நாடுகளின் கடல் நம் கடலைப்போல் வெதுவெதுப்பானதன்று. குளிர்ந்த நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அந்த நிமிடத்தில் நீந்த முயலாமல் மிதந்து, மூச்சை வசப்படுத்தவேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். கயிற்றைப் பற்றுவதோ தெப்பத்தில் ஏறுவதோ அதற்குள் முடியவேண்டும். பிறகு உடல் மெல்ல மெல்லக் குளிர்ந்து, ஏறத்தாழ 1 மணி நேரத்தில் நினைவு தப்பக்கூடும். சட்டை இருந்தால்தான் இந்த 1 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். முழங்காலை மார்போடு மடக்கிக் கைகளை ஒடுக்கிக்கொள்ளுங்கள். பலர் இருந்தால் ஒருவரையொருவர் அணைத்து வட்டமாக இருங்கள். ஆடையைக் கழற்றாதீர்கள். ஆனால் நம் ஊர்ப் பருத்தி பனியன் நனைந்தால் நீரைப் பிடித்துக்கொண்டு குளிரைக் கூட்டும் என்பதை அறிந்து, குளிர்நாட்டுப் படகில் செல்லும்போது கம்பளி உள்ளாடையும் காற்றுப் புகாத மேலாடையும் அணிந்து செல்லுங்கள். இதைத் திருப்பூர்க்காரன் சொல்வதால் நம்பலாம்!

கப்பலிலிருந்து குதிப்பது கடைசி வழி. நனையாமல் தெப்பத்தில் ஏற முடிந்தால் அதுவே நலம். 2025 மே 24, 25 நாட்களில் கொச்சிக் கடலில் 640 கண்டெய்னர்களோடு ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பல் சாய்ந்து மூழ்கியது. ஆயினும் அதிலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். சரக்கு போயிற்று, உயிர்கள் தப்பின. தெப்பங்கள் இருந்தன, அவற்றில் ஏறத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், நம் கடலோரக் காவற்படையும் கடற்படையும் காலத்தில் சென்றன. முன்னேற்பாடு வீண்போகாது என்பதற்கு அண்மையில் நம் பக்கத்திலேயே கிடைத்த சான்று இது.

வேறு யாரேனும் கடலில் விழக் கண்டால், உடனே கூவுங்கள், அருகில் தொங்கும் மிதவை வளையத்தை வீசுங்கள், பிறகு கையை அவரை நோக்கி நீட்டியபடியே இருங்கள், கண்ணை அகற்றாதீர்கள். அலைகளின் நடுவே ஒரு தலை, தென்னையிலிருந்து விழுந்த குரும்பையைவிடச் சிறிதாகத் தோன்றும். ஒருமுறை பார்வை தவறினால் மீண்டும் காண்பது அரிது. நாமும் பின்னாலேயே குதித்தால் தேடவேண்டியவர்கள் இருவராகிவிடுவர்.

தெப்பத்தில் இருக்க நேர்ந்தால் கடல்நீரைப் பருகாதீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடல் தன்னிடமுள்ள நல்ல நீரையும் இழக்கும். தாகம் தணியாது, பெருகும்.

மாணவ மாணவியரே! மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் என்ற வணிகனின் கதை வருகிறது. ஆதிரையின் கணவன் அவன். பொருள் தேடி மரக்கலம் ஏறியவன், கலம் உடைந்தபோது முறிந்த மரத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையோரம் ஒதுங்கினான். அவனைக் கொன்று தின்ன வந்தவர்களிடம், அவர்கள் மொழியிலேயே பேசித் தப்பினான். அவர்கள் மொழியை அவன் முன்பே கற்றிருந்தான். மரத்துண்டு கிடைத்தது அவன் நல்வினை என்போம். மொழியைக் கற்றிருந்தது அவன் முயற்சி. புறப்படுமுன் கற்றது கரையேறிய பின் உயிரைக் காத்தது. நீங்களும் செல்லும் நாட்டின் மொழியில் ‘உதவி’, ‘தீ’, ‘படகு’, ‘மருத்துவர்’ ஆகிய நான்கு சொற்களையாவது கற்றுச் செல்லுங்கள். அந்நாட்டின் அவசர உதவித் தொலைபேசி எண்ணையும், அங்குள்ள நம் தூதரகத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டை நீர் புகாத உறையிலிட்டு உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபத்து வந்தபின் அறையில் விட்ட பெட்டிக்காகத் திரும்பிப் போகாதீர்கள். பெட்டி போனால் வாங்கலாம்.

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுமாறு ஔவை நமக்குச் சொல்லியிருக்கிறாள். கடலுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்திருக்க நான் சொல்லவில்லை. காங்கேசன்துறைக்குப் போய் யாழ்ப்பாணத்துத் தமிழைக் கேளுங்கள். ஐரோப்பாவில் படியுங்கள். நம் துணி சென்ற துறைமுகங்களை உங்கள் கண்களால் காணுங்கள். ஆனால் ஏறும் முன் ஆட்களை எண்ணுங்கள். ஏறியதும் வழியை நடந்து பாருங்கள். சட்டையை அணிந்து பழகுங்கள். பாரம் மிஞ்சிய படகில் ஏற மறுக்கும் துணிவைக் கைவிடாதீர்கள். எடை பார்க்காமல் ஒரு பெட்டியையும் கப்பலேற்றாத ஊரின் பிள்ளைகள் நீங்கள். உங்களை வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு, திருப்பூர் அனுப்பும் சரக்கு முழுவதையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தாலும், மறுதட்டில் இருக்கும் நீங்களே பெரிது.